சட்டப் படிப்பில் வரிசை என்று ஒன்று உண்டா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி சார்ட் பேப்பர் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஐந்தாண்டு பி.ஏ.எல்எல்.பி. படிக்கிறாள். நான்காம் ஆண்டு தொடங்கப்போகிறது. பேப்பரில் பத்துக் கட்டம், செமஸ்டருக்கு ஒன்று. பாஸான பேப்பருக்குப் பச்சை, அரியருக்குச் சிவப்பு, இன்னும் வராததற்குப் பென்சில்.

"சித்தப்பா, இதுல எதை எப்ப முடிச்சா கணக்கு சரியா வரும்னு பாருங்க."

பார்த்தேன். அழகான சார்ட். ஆனால் அதில் இருந்தது அரியர் கணக்கு மட்டும்தான். எந்தப் பாடம் எந்தப் பாடத்தின் மேல் நிற்கிறது, எதைத் தெரிந்துகொண்டால் எது புரியும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? மூன்று வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் போனபிறகு, இந்த வரிசையை யார் முடிவு செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அதன் குறிப்புகள்தான் இது. நான் வக்கீல் இல்லை. பதினோரு வருடம் வாய்தாவுக்கு நடந்தவன். அந்தக் கதை கீழே வருகிறது.

மூல ஆவணம் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள். 1961 வழக்கறிஞர்கள் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் போடப்பட்டவை. நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியும் இதைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாம் அட்டவணையில் பாடங்கள் வருகின்றன. கட்டாயச் சட்டப் பாடம் 20: நீதிநெறியியல், ஒப்பந்தம் இரண்டு, தீங்கியல், குடும்பச் சட்டம் இரண்டு, குற்றவியல் இரண்டு, அரசமைப்பு இரண்டு, சொத்து, சாட்சியம், உரிமையியல் நடைமுறை, நிர்வாகச் சட்டம், கம்பெனி, சர்வதேசச் சட்டம், வரி, சுற்றுச்சூழல், தொழிலாளர் இரண்டு. அதன்மேல் செய்முறைப் பாடம் 4. விருப்பப் பாடம் குறைந்தது 6. ஐந்தாண்டுப் படிப்பென்றால் இதோடு கலைப் பாடங்களும் ஆங்கிலமும்.

மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். சீட்டில் குறையில்லை, சாமான் எல்லாம் இருக்கிறது. எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்பதுதான் இல்லை. அதைப் பல்கலைக்கழகத்திடம் விட்டுவிடுகிறார்கள். விட்டது சரிதான், சுதந்திரம் நல்லதுதான். ஆனால் விட்ட இடத்தில் "ஒன்றின் மேல் ஒன்று கட்டுங்கள்" என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததால் என்ன ஆகிறதென்றால், வாத்தியார் யார் இருக்கிறார், எந்த அறை காலி என்பதெல்லாம் சேர்ந்து வரிசையைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பிள்ளையின் சார்ட்டில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல். இடையில் ஒப்பந்தம், தீங்கியல், தண்டனைச் சட்டம். மூன்றாம் வருடம் அரசமைப்பு, குடும்பம். சாட்சியச் சட்டமும் இரண்டு நடைமுறைச் சட்டங்களும் கடைசி வருடத்தில். அதாவது கொலை என்றால் என்ன என்று இரண்டாம் வருடம் படித்துவிட்டாள். அதைக் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது என்று மூன்று வருடம் கழித்துத்தான் சொல்லித்தருவார்கள். நடுவில் அவளை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புகிறார்கள். போன இடத்தில் முழுக்க முழுக்க நடைமுறைதான்: ஜாமீன் மனு, வாய்தா, மெமோ, நகல் மனு. "ஒண்ணுமே புரியல சித்தப்பா, கட்டு தூக்கிக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள். கட்டு தூக்குவது கேவலமில்லை, எல்லா ஜூனியரும் செய்வதுதான். ஆனால் தூக்கின கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் தூக்குவது எட்டு வாரத்துக்கு ரொம்ப அதிகம்.

அமெரிக்காவில் லாங்டெல் என்பவர் 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராகி வழக்குகள் வழியே சட்டம் கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அங்கே இன்றைக்கும் முதல் வருடப் பாடங்கள் ஏறக்குறைய நிலையானவை: ஒப்பந்தம், தீங்கியல், சொத்து, குற்றவியல், அவற்றோடு உரிமையியல் நடைமுறை. நடைமுறையை முதல் வருடத்திலேயே வைத்துவிட்டார்கள். தீர்ப்பைப் படிக்க வேண்டுமென்றால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? மேல்முறையீடா, இடைக்கால மனுவா, பிராதையே நிராகரிக்கச் சொல்லிக் கேட்டதா என்று தெரியாமல் தீர்ப்பு படிப்பது, பாதிப் படத்தில் தியேட்டருக்குள் போன மாதிரி. அமெரிக்கப் படிப்பின் ஃபீஸையும் கடனையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்தது சரி என்று நினைக்கிறேன்.

இப்போது என் பதினோரு வருடக் கதை. எங்கள் வீட்டு பாகப்பிரிவினை வழக்கு. தாத்தா 1998இல் இறந்துபோனார். அத்தைக்கு 1986இல் கல்யாணம். 2012இல் அத்தை பங்கு கேட்டு வழக்குப் போட்டார். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன மகளுக்கு இல்லை. அத்தை வெளியே. பிறகு மத்திய அரசின் 2005 திருத்தம் வந்தது, செப்டம்பர் 9 முதல். அதில் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற பேச்சே இல்லை. அத்தை உள்ளே. 2015இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. அத்தை மறுபடி வெளியே. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் அதே நீதிமன்றம், உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அத்தை மறுபடி உள்ளே. (அத்தை இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது: "என்னைய என்னடா கபடி ஆடுறீங்க?")

இதற்கு நடுவில் பெரியப்பா ஒரு மனையை விற்றுவிட்டார். வழக்கு நடக்கும்போது விற்றால் வாங்கினவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவு. "ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்று ஒரு கூர்ச்சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பதிவாகாத சீட்டு. பிரித்ததற்கு அதை ஆதாரமாக எடுக்க முடியாது, பக்கக் காரியத்துக்கு மட்டும் பார்க்கலாம் என்பது பதிவுச் சட்டம், சாட்சியச் சட்டம் இரண்டும் சேர்ந்த கதை. நீதிமன்றக் கட்டணம், நாங்கள் கூட்டாக அனுபவிக்கிறோமா, அத்தை வெளியே தள்ளப்பட்டவரா என்பதைப் பொறுத்து மாறும். அது தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37ஆம் பிரிவு. அந்த இருபது பாடத்தில் இதற்குத் தனிப் பெயரே கிடையாது. பிறகு முதல்நிலைத் தீர்ப்பாணை, கமிஷனர் வந்து அளந்தது, இறுதித் தீர்ப்பாணை.

இந்த ஒரே கட்டில் குடும்பச் சட்டம், சொத்துச் சட்டம், சாட்சியம், நடைமுறை எல்லாம் இருக்கிறது. மகளை வெளியே வைத்தது சமத்துவத்துக்கு ஒத்துவருமா என்ற அரசமைப்புக் கேள்வியும் இருக்கிறது. அவள் சார்ட்டில் இவை மூன்று வருடத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றைப் படிக்கும்போது இன்னொன்றை மறந்திருப்பாள். பரீட்சையும் தனித்தனியாகத்தானே. மதுரைப் பக்கத்துச் சிவில் கோர்ட்டுகளில் எந்த வக்கீல் ஆபீஸுக்குப் போனாலும் அலமாரியில் பாகப்பிரிவினைக் கட்டு இல்லாமல் இருக்காது. இதைவிட நல்ல பாடப்புத்தகம் உண்டா? ஒரு கட்டை இரண்டாம் வருடத்தில் கையில் கொடுத்து, ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாகப் படித்த பாடத்தை வைத்து அதே கட்டை மறுபடி படிக்கச் சொன்னால், வரிசை தானாக உருவாகும். விதியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சரி, சிலபஸ் என்றால் அப்படித்தான் இருக்கும், பிள்ளைகள் போகப்போகக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2024 ஜூலை 1 ஒன்றே போதும். அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் இரண்டுக்கும் அதே கதி. 2024–25 கல்வியாண்டிலிருந்து புதுச் சட்டங்களைக் கற்பிக்கச் சொல்லி பார் கவுன்சில் உத்தரவும் போட்டது. இந்தப் பிள்ளை 302, 420 எல்லாம் உருப்போட்டுப் பாஸாகி மூன்றாம் வருடத்துக்குள் நுழைந்தபோது அவை 103, 318 ஆகியிருந்தன. 511 பிரிவு 358ஆகச் சுருங்கிவிட்டது. நடைமுறையும் சாட்சியமும் அவளுக்குப் புதுச் சட்டத்தில்தான் வரும். ஆக, குற்றம் பழைய சட்டத்தில், நிரூபணம் புதுச் சட்டத்தில்.

எண் மாறியது பெரிய விஷயமே இல்லை, அட்டவணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். குற்றம் நடந்த தேதி ஜூலை 1க்கு முன் என்றால் பழைய தண்டனைச் சட்டம்தான். அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணை பழைய நடைமுறைப்படியே தொடரும் என்று புது நடைமுறைச் சட்டத்தின் 531ஆம் பிரிவே சொல்கிறது. நம் கோர்ட்டுகளின் வேகத்துக்கு, இன்னும் பல வருடங்களுக்கு ஒரு வக்கீலுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சட்டம் போய் இன்னொன்று வரும்போது நடுவில் மாட்டிக்கொண்டவன் கதி என்ன என்பது, உண்மையில், சட்டப் படிப்பின் ஆகச் சிறந்த கேள்விகளில் ஒன்று. நேரில் அந்த நடுவில் நிற்கிற மாணவர்களுக்கே அந்தக் கேள்வியைச் சொல்லித்தர பத்துக் கட்டத்தில் எங்கும் இடமில்லை. அவளுக்குக் கிடைத்தது பழைய எண்ணுக்கு நேராகப் புது எண் போட்ட இரண்டு பக்க ஜெராக்ஸ்.

இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அதற்கு எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும்.

கீழக்குயில்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சமணர் மலை, தாமரைக் குளம், ஆலமரம். செட்டிப்புடவு மகாவீரரையும் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர்களையும் பார்க்க வருவார்கள். அங்கிருக்கிற வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரு, அவர் மாணாக்கர் என்று பெயர்கள் வருகின்றன. யாருக்குப் பின் யார் என்பதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஊருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது. 1911 சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. மதுரை மாவட்டத்தில் கள்ளர்கள் மீது அது முதலில் பாய்ந்தது 1914இல், இதே ஊரில். பிறகு பிரமலைக் கள்ளர் முழுக்கப் பரவியது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். எங்கள் பக்கம் கிழவர்கள் அதை இன்றும் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். ராத்திரி வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31.

ஒரு சட்ட மாணவர் இந்தச் சட்டத்தை எந்த செமஸ்டரில் சந்திப்பார்? அந்த இருபது கட்டாயச் சட்டப் பாடத்தில் சட்ட வரலாறு இல்லை. கலைப் பாடத்தின் ஓரத்தில் வந்தால் வரலாம். குற்றவியல் ஆய்வை விருப்பப் பாடமாக எடுத்தால் கடைசி வருடத்தில் ஒரு பத்தி வரலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மூன்று வருடத்தில் வரவில்லை. வீட்டில் கேட்ட கதையும் வகுப்பில் படித்த சட்டமும் ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாமலே இருக்கின்றன.

சோகக் கதை என்பதால் சேர்க்கச் சொல்லவில்லை. முதல் செமஸ்டரில் சொல்லித்தர இதைவிடத் தெளிவான சட்டம் கிடைக்காது என்பதால் சொல்கிறேன். அரசிதழில் ஓர் அறிவிப்பு போட்டால் ஒரு கூட்டமே குற்றவாளி. அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நீதிமன்றத்தின் வாயைக் கட்டும் இந்த மாதிரிப் பிரிவுகளைத்தான் நிர்வாகச் சட்டத்தில் வருடக் கடைசியில் ஏதோ ஓர் இங்கிலாந்து வழக்கு வழியாகப் படிக்கிறார்கள். சம பாதுகாப்பு என்றால் என்ன, கைரேகை எதற்குச் சாட்சி, தனி மனிதன் செய்த செயலுக்கா பிறப்புக்கா தண்டனை என்று நாலைந்து பேப்பருக்கு இதுவே வாசல். பழைய கதையும் இல்லை. வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று சொல்லி நன்னடத்தைப் பிணை கேட்கும் பழைய 110ஆம் பிரிவு, புது நடைமுறைச் சட்டத்தில் 129ஆக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைச் செல்லாது என்றபோது, குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் மிச்சம் சிறைக் கையேடுகளில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பேசியது. அந்தத் தீர்ப்பைப் படிக்க 1914 தெரிய வேண்டும்.

அந்தக் காலத்தில் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் கள்ளர்களுக்காக வாதாடினார். இவர்கள் அவரை ரோசாப்பூத் துரை என்று கூப்பிட்டார்கள். லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்தவர். அவர் படித்த பாடத்திட்டத்திலும் கீழக்குயில்குடி இருந்திருக்காது என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனால் எல்லாப் பிள்ளையும் ஜார்ஜ் ஜோசப்பாகத் தானே வழி கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு பாடத்திட்டம் இருக்க முடியாது.

2008 விதிகளைத் திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை. நான் பார்த்தவரை இரண்டு இடத்தில் அவை காலத்தை, அதாவது மாணவர் வளர்வதை, யோசித்திருக்கின்றன. ஒன்று, கடைசி இரண்டு மூன்று வருடத்தில் இரண்டு விசாரணைகளை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது. இன்னொன்று இன்டர்ன்ஷிப். ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம். எந்த வருடத்திலும் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஐந்து நான்கு இருபது. வருடத்துக்கு ஒரு படி என்று கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. போகக்கூடிய இடங்களாகத் தொண்டு நிறுவனம், விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல், நீதித்துறை, கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு என்று பட்டியல் இருக்கிறது. விசாரணை, மேல்முறையீடு இரண்டு வக்கீல்களிடமும் ஒரு முறையாவது போயிருக்க வேண்டும் என்பதும் விதி. யாரோ ஒருவர் இதை யோசித்து எழுதியிருக்கிறார். கல்லூரிகள் இதை சர்டிபிகேட் வாங்கும் சடங்காக ஆக்கிவிட்டன. வக்கீல் சொந்தக்காரர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சர்டிபிகேட்டும் சுலபமில்லை என்பது தனிக் கஷ்டம்.

செமஸ்டர் வரிசையை அவளால் மாற்ற முடியாது. இன்டர்ன்ஷிப் வரிசையை மாற்றலாம். அதனால் சார்ட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் எழுதினோம். மிச்சம் 12 வாரம். முதல் நான்கு வாரம் எங்கள் பாகப்பிரிவினை வழக்கை நடத்திய வக்கீலிடம். கேட்டுவிட்டேன், சரி என்றார். ஒரே நிபந்தனை: ஒரு கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படிக்கவிட வேண்டும். சாட்சியச் சட்டம் வகுப்பில் வருவதற்கு முன்பே அதை அந்தக் கட்டில் பார்த்துவிடுவாள். அடுத்த நான்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். 129 போட்டு நிறுத்தப்படுகிறவர்கள் கையில் காசில்லாமல் வருகிற இடம் அதுதான். கடைசி நான்கு ஒத்தக்கடை பக்கம், உயர் நீதிமன்றக் கிளையில், மேல்முறையீட்டு வக்கீல் ஒருவரிடம். அது 2004இல் மதுரைக்கு வந்ததால்தான் எங்கள் ஊர்ப் பிள்ளை பஸ் ஏறி சாயங்காலம் வீடு திரும்ப முடிகிறது. சிவப்புக் கட்டம் இரண்டையும் நவம்பர் தேர்வில் எழுதிவிடுவது என்றும் முடிவு. அரியரை விட்டுவிடச் சொல்ல நான் யார்?

விருப்பப் பாடத்தில் கம்பெனிச் சட்டப் பிரிவுதான் வேலைக்கு நல்லது என்று சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். குற்றவியல் பிரிவில் சிறை நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது என்று காட்டினேன். யோசிக்கிறேன் என்றாள்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "சித்தப்பா, எங்க பூட்டன் ரேகை வெச்ச பேப்பர் எங்கயாச்சும் இருக்குமா?"

கலெக்டர் ஆபீஸ் ஆவணக் காப்பகத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். என்ன பிரிவில், யாருக்கு, எத்தனை ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி என்பதையெல்லாம் அவளே கண்டுபிடித்தாள்.